எண்ணுதலும் எண்ணமும்

தமிழிலே எண்ணுதல் என்னும் வினை இருபொருள் தருவது. ஒன்று, இரண்டு எனக் கணக்கிடுதலும் எண்ணுதலே. ஒன்றைக் குறித்து உள்ளத்தாற் சிந்தித்தலும் எண்ணுதலே. எண் என்னும் ஓரடியினின்று கணக்கும் கருத்தும் ஒருங்கே கிளைத்தமை மொழி வழக்கின் இயல்பு என்று கொண்டு அமைந்துவிடலாம். ஆயினும், அவ்வழக்கினுள் ஓர் அறவியல் வினா பொதிந்து கிடக்கின்றது. ஓர் உயிரைக் கணக்கிடுவோன் அவ்வுயிரைக் குறித்துச் சிந்திக்கவும் கடமைப்பட்டவனா? கணக்கிடுதல் அறிவின் தொழில் மட்டுமா, அன்றி அருளின் தொழிலுமா? இவ்வினாவைத் தனியே நிறுத்தி ஆராய்வதிலும் ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட உயிரின்மேல் வைத்து ஆராய்வதே பயனுடையது. இலங்கையின் மத்திய மலைநாடு அத்தகையதோர் இடம். அம்மலைநாட்டின் ஓடைக்கரைகளில் மட்டுமே வாழும் சீகாரப் பூங்குருவி அத்தகையதோர் உயிர்.

இலங்கைச் சீகாரப் பூங்குருவி உலகில் வேறெங்கும் காணப்படாதது. ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளமுடைய இப்பறவையின் ஆண் கருமை கலந்த நீல நிறத்தது. பெண் பழுப்பு நிறத்தது. இரண்டுக்கும் தோளிலே ஒளிரும் நீலத் திட்டு உண்டு. கடல் மட்டத்திலிருந்து 900 மீற்றருக்கு மேற்பட்ட ஈரக் காடுகளில், பாறையின்மேல் விரைந்து வீழும் ஓடைகளை ஒட்டி, சூரியன் எளிதிற் புகாத பள்ளத்தாக்குகளில் இது வாழ்கின்றது. பூச்சிகள், நத்தைகள், சிறு தவளைகள் முதலியவற்றை உண்டு, ஓடையோரப் பாறை வெடிப்பிலோ மரக்கவரிலோ கூடு கட்டி, ஒன்று அல்லது இரண்டு முட்டைகளே இடுகின்றது. வைகறையிலும் அந்தியிலும் நீரின் இரைச்சலைப் பிளந்துகொண்டு எழும் அதன் கூரிய சீழ்க்கையே அதன் இருப்புக்குப் பெரும்பாலும் சான்றாகின்றது. இதன் உறவினமாகிய மற்றொரு சீகாரப் பூங்குருவி கடலுக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அருவிக்கரைகளில் வாழ்கின்றது. மனிதன் சீழ்க்கையடிப்பது போன்ற இன்னிசையால் அது பெயர் பெற்றது. இலங்கை இனமோ பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழியும் நிலையிலுள்ளது என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது.

இப்பறவை அறிவியலுலகுக்கு அறிமுகமான வரலாறு சிந்தனைக்குரியது. 1872ஆம் ஆண்டில் ஹோல்ட்ஸ்வர்த் என்னும் ஆங்கிலேயர் இதனை முதன்முதல் விவரித்தெழுதினார். இதன் அறிவியற் பெயரில் இன்றும் நிலைத்திருப்பது சாமுவேல் பிளை என்னும் கோப்பித் தோட்டக்காரரின் பெயராகும். அக்காலத்தில் ஒரு பறவையை அறிதல் என்பது பெரும்பாலும் அதனைச் சுட்டு வீழ்த்தித் தோலைப் பாடஞ்செய்து வைத்தலேயாகும். கோப்பிக்காகக் காடு அழிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அக்காட்டின் பறவைகள் அருங்காட்சியகப் பெட்டிகளில் வரிசைப்படுத்தப்பட்டன. 1869ஆம் ஆண்டிற் பரவத் தொடங்கிய இலைநோயாற் கோப்பி மடிந்தது. 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தொடக்கிவைத்த தேயிலைப் பயிர் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. 1873ஆம் ஆண்டில் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு அறிவுரை கூறினார். ஹோட்டன் சமவெளியும் அதனைச் சூழ்ந்த உயர்காடுகளும் இன்று எஞ்சி நிற்பதற்கு அவ்வறிவுரையும் ஒரு காரணமாகும். அதற்குக் கீழிருந்த சரிவுகளிற் பெரும்பகுதி தேயிலையாயிற்று. பூங்குருவியின் வாழிடம் தனித்தனித் துண்டங்களாகச் சிதறியது. ஆகவே இப்பறவையை எண்ணுதல் என்பது, உண்மையில், ஓர் இழப்புக்குப் பின் எஞ்சியவற்றை எண்ணுதலாகும்.

அவ்வாறு எண்ணுதல் எளிய செயலன்று. வெட்டவெளியில் மேயும் கால்நடையையோ நீர்நிலையிற் கூடும் நாரையையோ எண்ணுவது போல இதனை எண்ணுதல் இயலாது. ஓடையின் ஒரு பகுதியைத் தேர்ந்து, விடியுமுன் சென்று, குறித்த நேரம் அசையாது நின்று, கேட்டதையும் கண்டதையும் பதிந்து மீளவேண்டும். மழையும் பனிமூட்டமும் நீரோசையும் புலன்களை மறைக்கும். குறித்த வைகறையிற் சீழ்க்கை கேளாவிடின், அங்கே பறவை இல்லை என்று எழுதலாமா, அன்றிப் பறவை புலப்படவில்லை என்றுதான் எழுதவேண்டுமா? ஈண்டு எழுவது நடைமுறைச் சிக்கல் மட்டுமன்று. இன்மையை அறிவது எவ்வாறு என்னும் பழந்தத்துவ வினாவுமாகும்.

இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. இன்மையை அறியும் வாயிலாகிய அபாவம் என்னும் அளவை மணிமேகலையிற் குறிக்கப்படுகின்றது. சிவஞான சித்தியாரின் அளவையியலிலும் அது பேசப்படுகின்றது. காணாமை யாவும் இன்மையைக் காட்டிவிடாது என்பதனை இந்தியத் தருக்க நூலார் நன்கு உணர்ந்திருந்தனர். இருட்டறையிற் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று கூறுதல் பொருந்தாது. விளக்கு இருந்து, கண் நலமாயிருந்து, 'இருந்திருப்பின் கண்டிருப்பேன்' என்று கூறத்தக்க நிலை இருந்தாலன்றிக் காணாமை இன்மைக்குச் சான்றாகாது. இன்றைய பறவையியலாரும் வேறொரு மொழியில் இதனையே கூறுகின்றனர். ஓரிடத்துக்குப் பலமுறை சென்று, இருக்கும் பறவை எத்தனை முறை புலப்படாது தப்புகின்றது என்பதனையும் அவர்கள் மதிப்பிடுகின்றனர். ஒரு வருகையிற் பறவையைக் கண்டறியும் வாய்ப்புப் பாதி எனக் கொண்டால், பறவை அங்கிருந்தும் மூன்று வருகைகளிலும் அது தவறிப்போகும் வாய்ப்பு எட்டில் ஒன்றாகும். ஒரே வைகறையின் மௌனத்தைக் கொண்டு ஓர் உயிரின் முடிவை எழுதிவிடுதல் அறிவுப் பிழை. அதனைக் கொண்டு அவ்விடத்தைக் கைவிட்டுவிடுதல் அறப்பிழை. பொறுமை ஈண்டு அறிவுக்குரிய பண்பாகவும் அறத்துக்குரிய பண்பாகவும் ஒருங்கே நிற்கின்றது.

எனினும், எண்ணுதல் யாவும் நன்மைக்கே என்று கூறுதற்கில்லை. மலையகத்தின் வரலாற்றை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். 1820களிலிருந்து தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் இம்மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். தலைமன்னாரிற் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த அம்மக்களில் நோயாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் எத்தனைபேர் என்பதற்கு முழுமையான கணக்கு இல்லை. ஆனால் தோட்டத்தை அடைந்தபின் அவர்கள் ஒவ்வொரு நாளும் எண்ணப்பட்டனர். விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் தலைகள் எண்ணப்பட்டன. மாலையிற் கொழுந்தின் எடை எண்ணப்பட்டது. எடை குறைந்தவிடத்து ஒரு நாளின் உழைப்பு அரைப்பேராக எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிக்கு இலக்கம் பொறித்த தகரத் துண்டு வழங்கப்பட்டது. செத்தோர் எண்ணப்படாமையும் உழைப்போர் இடையறாது எண்ணப்பட்டமையும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாகும். அக்கணக்கு மனிதனைக் குறித்ததன்று. மனிதனிடமிருந்து பெறத்தக்கதைக் குறித்தது.

பின்வந்த அரசியற் கணக்கும் இதனினும் மேலானதாக அமையவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 975,000 மக்களைக் கணக்கிற் கொண்டது. அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்க்கப்படும் என விடப்பட்டது. 1974இல் அவ்வெச்சத் தொகையும் 75,000, 75,000 எனச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. வகுத்தற் கணக்கு என்ற அளவில் அதிற் பிழையில்லை. ஆயினும், ஒரு லயத்தின் ஓரறையில் வாழ்ந்த தாய் ஒரு தொகையிலும் மகன் மற்றொரு தொகையிலும் அடங்க நேர்ந்தபோது, எண்ணப்பட்டோர் குறித்து எவரும் எண்ணவில்லை என்பது வெளிப்பட்டது. நாடற்றோர் எஞ்சியிராதவாறு வழிசெய்யும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

இவ்விடத்தில் ஒரு கசப்பான ஒப்பீடு தானே எழுகின்றது. இலங்கையின் காட்டுயிர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. காட்டிலுள்ள உயிருக்குச் சட்டம் காவல் விதித்துப் பதினோராண்டுகள் கழிந்தபின், அக்காட்டின் ஓரத்திலே தேயிலை வளர்த்த மனிதரைச் சட்டம் தன் காவலினின்று நீக்கியது. இவ்வொப்பீட்டைக் கண்டு சினங்கொள்வோன், 'மனிதனுக்கே வழியில்லாதவிடத்துப் பறவைக்கென்ன கணக்கு?' என்று வினவுவானாயின் அவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் நேர்மையன்று. அதற்கு விடை கூறியே தீரவேண்டும்.

அவ்வினாவின் வலிமை முழுவதையும் முதலில் ஏற்றுக்கொள்ளல் தகும். பூங்குருவி குறைவதற்கான காரணங்களைப் பட்டியலிடுவோர், காடழிப்பு, தோட்டப் பயிர்ச்செய்கை, பூச்சிகொல்லி, உயர்காடுகளில் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுவருதல் ஆகியவற்றுடன் விறகு வெட்டுதலையும் சேர்த்துக் கூறுவர். விறகு வெட்டுவோர் யாவர்? பகல் முழுதும் கொழுந்து பறித்து, மாலையிற் காட்டெல்லைக்கு ஏறி, ஒரு சுமை சுள்ளியைத் தலையிற் கொண்டு இறங்கும் பெண்களே பெரும்பாலும் கண்ணிற் படுவர். ஒரு மலையின் காடு முழுவதையும் தீயிட்டழித்த தோட்டக்காரரின் பெயர் பறவையின் பெயரோடு சேர்ந்து நிலைத்திருக்க, ஒரு சுமை விறகு கொண்டுவந்தவள் குற்றவாளியாக நிற்பாளாயின், அங்கே பறவையின் பெயரால் அநீதி நிகழ்கின்றது என்பதில் ஐயமில்லை. தாம் வாழும் நிலத்துக்கு உரிமையற்ற மக்களிடம், அந்நிலத்தின் உயிர்களுக்குப் பொறுப்பேற்குமாறு கேட்பதிலும் ஒரு முரண் உண்டு. உரிமையை ஒருவருக்கும் கடமையை மற்றொருவருக்கும் பங்கிடுவது அறமாகாது.

ஆயினும் இவ்வளவும் நிறுவுவது ஒன்றைத்தான்: காக்குஞ் சுமை நீதியாகப் பகிரப்படவேண்டும் என்பதனை மட்டுமே. பறவை காக்கப்படவேண்டியதில்லை என்பது இதனால் நிறுவப்படுவதன்று. மனிதன் இகழப்பட்டமைக்குப் பறவை காரணமன்று. 1948ஆம் ஆண்டின் சட்டத்தை இயற்றியோர் பூங்குருவியின்மேல் வைத்த அன்பினால் அதனை இயற்றவில்லை. ஓருயிர்மேற் செலுத்தும் இரக்கம், வேறோருயிருக்குரிய இரக்கத்திலிருந்து கழிக்கப்படும் தொகை என்று கருதுவது அருளையும் கணக்கேட்டின் இயல்பினதாக்கிவிடும். உண்மையில், வரலாறு காட்டுவது வேறு. காட்டைப் பயன்கருதி மட்டும் கணக்கிட்ட அதே கண்ணே, அக்காட்டை வெட்டவந்த மனிதனையும் பயன்கருதி மட்டும் கணக்கிட்டது. மரமும் மனிதனும் ஒரே ஏட்டின் இரு நிரல்களில் எழுதப்பட்டனர். ஆதலின் ஒன்றின் மீட்சிக்கு மற்றொன்றைப் பகையாக்குதல், அவ்வேட்டை எழுதியவனின் கருத்தையே ஏற்றுக்கொள்வதாகும்.

பறவையையும் மனிதனையும் பிணைப்பது ஓடை. ஹோட்டன் சமவெளியையும் அதனை அடுத்த மலைகளையும் ஊற்றாகக்கொண்டு மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளும் தம் நீரைப் பெறுகின்றன. மேற்காட்டின் ஓடைதான் கீழே தோட்டத்தின் பீலியாகின்றது. அதற்குக் கீழே ஆறாகின்றது. அதற்கும் கீழே அணையிலே தேங்கி மின்னாகின்றது. பூங்குருவி உண்ணும் பூச்சிகள் வாழ்வதற்கு வேண்டிய ஈரமும் நிழலும் தூய்மையும், லயத்துக் குழந்தை குடிக்கும் நீருக்கும் வேண்டியவையே. சரிவுகளில் மண் அரிக்கப்பட்டு நீர் கலங்குமாயினும், மரக்கறிப் பாத்திகளுக்கு இறைத்த நஞ்சு ஓடையில் வடியுமாயினும், கேடு இருவருக்கும் பொது. பறவை அதனை முதலில் உணர்த்துதலும் கூடும். வேல்ஸ் நாட்டில் 1980களில் நிகழ்ந்த ஆய்வுகள் இதற்குச் சான்றாகும். ஓடைப் பாறைகளில் வாழும் டிப்பர் என்னும் பாடும் பறவை, நீர் அமிலமான ஓடைகளில் அருகிப்போனமை அங்கே கண்டறியப்பட்டது. அமில நீரில் அதன் இரையாகிய நீர்ப்பூச்சிகள் குறைந்தமையே காரணம். மனிதன் தன் கண்ணாற் காணவியலாத ஒரு மாற்றத்தைப் பறவையின் எண்ணிக்கை காட்டிக்கொடுத்தது.

ஆனால், பறவை மனிதனுக்குப் பயன்படுவதனால் மட்டும் காக்கத்தக்கது என்று இவ்வாதத்தை முடித்தல் ஆகாது. அவ்வாறு முடிப்பின், தூய்மையை அளக்கும் கருவியொன்று வந்தவுடன் பறவை வேண்டாததாகிவிடும். பயன் உறவின் தொடக்கமாகலாம். உறவின் எல்லையாதல் கூடாது. தமிழகத்து வேடந்தாங்கலை ஈண்டு நினைவுகூரலாம். ஏரியிற் கூடும் நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த நீர் தம் வயல்களுக்கு உரமாவதை அவ்வூரார் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடுவதற்கு எதிராக அவர்கள் முறையிட, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் செங்கற்பட்டின் ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் அவர்களுக்குக் காப்புரிமை எழுதிக்கொடுத்தார். பயனில் தொடங்கிய அவ்வுறவு தலைமுறைகள் கடந்து ஊரின் மானமாக வளர்ந்தது. அங்கே பறவையைக் காத்தோர் வெளியிலிருந்து வந்த காவலரல்லர். உரிமை எழுதிக்கொடுக்கப்பெற்ற ஊராரே என்பது கருதத்தக்கது. உரிமை முன்னே சென்றது. கடமை பின்னே வந்தது.

இனி, எண்ணும் முறையின் அறத்தையும் ஆராய்தல் வேண்டும். எண்ணுவோன் தான் எண்ணும் உயிருக்குத் தீங்காதலும் உண்டு. ஒளிந்து வாழும் பறவையை வெளிக்கொணர்வதற்கு, அதன் குரலைப் பதிந்துவைத்து அதன் வாழிடத்தில் ஒலிக்கச் செய்வர் சிலர். தன் எல்லைக்குள் மற்றொரு பறவை புகுந்ததென்று மயங்கி, அது உணவையும் கூட்டையும் விட்டு வருகின்றது. ஒரு முறை செய்யின் பெருந்தீங்கில்லை எனலாம். ஆனால் அறியப்பட்ட ஓரிடத்துக்கு நாள்தோறும் புதியவர் வருவராயின், ஒவ்வொருவரின் 'ஒரு முறை'யும் பறவைக்குப் பலமுறையாகின்றது. ஹோட்டன் சமவெளியின் குளமொன்று இப்பறவையின் பழைய பேரினப் பெயரால் அரெங்காக் குளம் என்றே அழைக்கப்படுகின்றது. பறவையைக் காண விழைவோர் வைகறையில் அங்கே காத்து நிற்பர். ஓரிடம் புகழ்பெறுதல் அதற்குக் காவலுமாகலாம், சுமையுமாகலாம். பொய்யால் அழைத்துப் பெற்ற காட்சி, எண்ணிக்கையிற் சேரினும், அன்பிற் சேர்வதன்று. தேவையின்றேல் தவிர்க்கத்தக்கதும், தேவையெனின் அளவோடு செய்யத்தக்கதும் அதுவே.

இதனினும் கடினமான நிலையொன்று கலிபோர்னியாவில் தோன்றியது. ஆற்றோர வில்லோ மரங்களில் வாழும் விரியோ என்னும் சிறு பாடும் பறவையின் ஒரு வகை, ஏறத்தாழ 300 இணைகளாகக் குறைந்த நிலையில், 1986ஆம் ஆண்டில் அழியும் இனமாக அமெரிக்க அரசினால் அறிவிக்கப்பட்டது. ஆற்றோரக் காடுகள் அழிந்தமையோடு, குயிலைப்போலப் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் கௌபேர்ட் என்னும் பறவையும் அதற்குக் கேடாயிற்று. கௌபேர்டுகளைப் பொறிவைத்துப் பிடித்து அகற்றியமையாலும் கரையோரக் காடுகளை மீட்டமையாலும் விரியோவின் தொகை பன்மடங்கு பெருகியது. அகற்றுதல் என்னும் மென்சொல்லின் பொருள் கொல்லுதலே. கௌபேர்ட் தன்னியல்பின்படி வாழ்ந்ததேயன்றித் தீங்கு கருதியதில்லை. அதன் பெருக்கத்துக்கும் விரியோவின் ஒடுக்கத்துக்கும் வழி செய்தவன் நிலத்தை மாற்றிய மனிதனே. ஆகவே, தன் செயலாற் கெட்ட சமநிலையை மீட்பதற்கு மனிதன் மேலும் ஒரு தீமையைத் தேர்ந்துகொள்ள நேர்கின்றது. கொல்லாமையை அறங்களுள் தலையாய ஒன்றாகப் போற்றிய மரபில் வந்தோர் இதனை இலகுவாக ஏற்றல் அரிது. இலகுவாக மறுத்தலும் அரிது. இத்தகைய நிலையிற் கையைக் கட்டிக்கொண்டிருத்தலும் ஒரு செயலே. காலந் தாழ்த்தாது எண்ணத் தொடங்கியிருப்பின் இத்தெரிவே நேராதிருந்திருக்கலாம் என்பதே அதிலிருந்து பெறத்தக்க படிப்பினை. கேடு சிறிதாயிருக்கும்போதே அறிவிப்பதுதான் கணக்கெடுப்பின் முதற் பயன்.

மயிலுக்குப் போர்வையளித்த பேகனையும் முல்லைக்குத் தேரளித்த பாரியையும் தமிழ் மரபு கடையெழு வள்ளல்களுள் வைத்துப் போற்றுகின்றது. மயிலுக்குப் போர்வை தேவைப்படாது என்பது வெளிப்படை. அவ்வள்ளலின் செயலில் எண்ணம் உண்டு, எண் இல்லை. அருள் உண்டு, அவ்வுயிரின் வாழ்வு பற்றிய அறிவு இல்லை. பெட்டியிற் பறவைத் தோலை அடுக்கிவைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சேகரிப்பாளனிடத்தில் எண் உண்டு, எண்ணம் இல்லை. முன்னது பேதைமையெனினும் உயர்ந்த பேதைமை. பின்னது கல்வியெனினும் குறைபட்ட கல்வி. பேகனின் நெஞ்சும் பறவையியலானின் குறிப்பேடும் ஒருவனிடத்தே சேருமாயின், அவனையே எண்ணுவோன் என்று முழுப்பொருளில் அழைக்கலாம். அவன் மயிலுக்குப் போர்வை கொடான்; மயில் வாழும் காட்டை அதற்கு விட்டுக்கொடுப்பான்.

இவ்வாறாயின், நன்னெறிப்பட்ட எண்ணுதலுக்கும் அல்லாததற்கும் உள்ள வேறுபாடு யாது? அது எண்ணப்படுவது பறவையா மனிதனா என்பதில் இல்லை. முறையின் நுட்பத்திலும் இல்லை. தொகை குறையும்போது என்ன நிகழ்கின்றது என்பதில் அது உள்ளது. பிரட்டுக்களத்தில் ஒரு தலை குறைந்தால், குறைந்தவனுக்குக் கூலி வெட்டப்பட்டது, எண்ணியவனுக்கு இழப்பில்லை. அங்கே குறைவுக்குக் கடன்பட்டவன் எண்ணப்பட்டவன். ஓர் ஆயன் மாலையில் ஆடுகளை எண்ணுகையில் ஒன்று குறைந்தால் அவனே விளக்கேற்றிக்கொண்டு இருளில் இறங்குகின்றான். அங்கே குறைவுக்குக் கடன்பட்டவன் எண்ணியவன். முன்னது கண்காணிப்பு, பின்னது காவல். மலைக்காட்டு ஓடையிற் சீழ்க்கை ஒலி குறைந்தது என்று எழுதுவோன், அக்குறைவு தன்மேல் ஒரு கடனைச் சுமத்துகின்றது என்று உணர்வானாயின் அவன் எண்ணுதல் அறமாகும். எழுதியதோடு அமைவானாயின், அழிவுக்குத் திகதி குறித்தவன் மட்டுமே ஆவான்.

இந்நாட்டில் அத்தகைய முயற்சிகள் இல்லாமலில்லை. 1943ஆம் ஆண்டில் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகமும், 1976ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தோன்றிய களப் பறவையியற் குழுவும் பல தசாப்தங்களாகப் பறவைகளைப் பதிந்துவருகின்றன. 2010ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டின் உயர்காடுகள் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. தமிழகத்தில் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாட்களில் பொதுமக்களே பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் வளர்ந்துள்ளது. உழவுக்கு உதவிய கதிரையும் மாட்டையும் போற்றும் விழாவிலே பறவையையும் எண்ணிக்கொள்வது பொருத்தமுடையதே. அவ்வாறானதொரு வழக்கம் மலையகத்துக்கும் அயலானதாகாது. காட்டெல்லையை ஒட்டிய மலைகளிற் பனி விலகுமுன் கொழுந்துக் கூடையோடு ஏறுவோர், நகரத்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வருவோனிலும் அவ்வோடைகளை அறிவர். எந்த ஓடை கோடையிலும் வற்றாது, எதன் நீர் மழைக்குப்பின் நெடுநாள் கலங்கிநிற்கும் என்பன அவர்களுக்குத் தெரியும். ஒரு வைகறையின் மௌனம் இன்மைக்குச் சான்றாகாது என்று மேலே கூறப்பட்டது. நூறு வைகறைகளை அங்கே கழிப்பவரின் செவியே அக்குறையை நிரப்பவல்லது. ஆனால் அவர்களது செவியையும் கூலியில்லாக் கருவியாகப் பயன்படுத்திவிட்டுப் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்வது பழைய ஏட்டைப் புதிய மையால் எழுதுவதாகவே முடியும். அறிந்தோராக, உரிமையுடையோராக, அவ்வோடையின் எதிர்காலம் குறித்து உரைக்கும் தகுதியுடையோராக அவர்கள் அக்கணக்கினுள் இடம்பெறல் வேண்டும். காலங்காலமாக எண்ணப்பட்டே வந்த மக்கள், ஒருமுறை எண்ணுவோராகவும் நிற்றல் அம்மலைக்கு நீதி செய்வதாகும்.

அன்று அவர்களது குறிப்பேட்டிற் பூங்குருவிக்கென ஒரு நிரல் இருக்கும். சில நாட்களில் ஒன்று என்றும், சில நாட்களில் இரண்டு என்றும், பல நாட்களிற் சுழியம் என்றும் அதில் எழுத நேரும். சுழியத்தை எழுதுவதற்கு நேர்மை வேண்டும். அதனை எழுதியபின் மறுநாளும் அவ்வோடைக்கரைக்குச் செல்வதற்கு அன்பு வேண்டும். எண்ணுதல் என்னும் சொல் தன் இருபொருளையும் அவ்விடத்திலேயே ஒருங்கு பெறுகின்றது.